ஒரே கப்பல், இரண்டு கம்பிகள்

2013 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. கேனரி தீவுகளில் ஒன்றான லா பால்மாவின் சாண்டா குரூஸ் துறைமுகத்தில் 'தாம்சன் மெஜஸ்டி' என்ற சுற்றுலாக் கப்பல் கட்டப்பட்டிருந்தது. கப்பலில் டிரில் நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் அதற்குக் கப்பலைக் கைவிடும் பயிற்சி என்று பெயர். கப்பல்காரர்களுக்கு அது வெறும் போட் டிரில். ஒன்பதாம் எண் உயிர்காப்புப் படகில் எட்டு மாலுமிகள் இருந்தார்கள். படகை மேலே ஏற்றும்போது அதன் முன்பக்கத்தைத் தாங்கிய எஃகுக் கம்பி அறுந்தது. ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலிருந்து படகு தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்: மூன்று இந்தோனேசியர்கள், ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஒரு கானா நாட்டவர். மற்ற மூவர் காயத்தோடு தப்பினார்கள்.

அந்த நேரத்தில் கப்பலுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கப்பல் கரையோடு கட்டிக் கிடக்கிறது. அதில் இருந்தவற்றிலேயே உயிரைக் காப்பாற்றுவதற்கென்று மட்டும் வைத்திருந்த ஒரு பொருள்தான் ஐந்து உயிரை எடுத்தது.

நான் சில ஆண்டுகள் சரக்குக் கப்பலில் தேர்ட் மேட்டாக, அதாவது மூன்றாம் அதிகாரியாக, இருந்தவன். லைஃப் போட், லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் தேர்ட் மேட்டின் தலையில்தான் விழும். அதனால் இந்த விபத்தைப் பற்றிப் படித்தபோது முதலில் நான் தேடியது அந்தக் கம்பியின் வயதைத்தான். இரண்டரை. 2010 ஆகஸ்ட்டில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்து மாற்றவேண்டிய மாதமாகக் குறித்திருந்தது 2014 ஆகஸ்ட். விதிப்படி ஐந்து ஆண்டு வரை விடலாம். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்பி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் மேற்கொண்டு சொல்வது புரியாது. கப்பலின் ஓரத்தில் இரண்டு பெரிய இரும்புக் கைகள் நிற்கும், டேவிட் என்பார்கள். படகின் முன்பக்கம் ஒரு கொக்கி, பின்பக்கம் ஒரு கொக்கி. ஒவ்வொன்றையும் ஒரு கம்பி தாங்கும். இதை ஃபால் வயர் என்போம். அந்தக் கம்பி டேவிட்டின் உச்சியிலுள்ள கப்பிகள் வழியாக வளைந்து வின்ச் உருளைக்குப் போகும். பிரேக்கைத் தூக்கினால் படகு தன் எடையிலேயே இறங்கும். மின்சாரமே இல்லாவிட்டாலும் இறங்கவேண்டும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. ஏற்றுவதற்கு மட்டும் மோட்டார்.

படகு தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களே அதிகம். அப்போது உச்சிக் கப்பியின் மேல் வளைந்து கிடப்பது கம்பியின் ஒரே துண்டு. வாரக்கணக்கில் அதே துண்டுதான். உப்புத் தண்ணீர் தெறித்து, மழை பெய்து, எல்லாம் அந்தக் கப்பியின் பள்ளத்தில்தான் தேங்கும். மற்ற இடங்களில் கிரீஸ் பூசலாம். அந்த இடத்தில் படகை இறக்கினால்தான் கை போகும். போனாலும் பூசுவது மேலே மட்டும். எஃகுக் கம்பி என்பது பல மெல்லிய இழைகளைப் புரியாக்கி, அந்தப் புரிகளை நடுவில் ஒரு கருவைச் சுற்றி முறுக்கியது. மேலே கிரீஸ் பளபளவென்று கறுப்பாக மின்னும். உள்ளே ஈரம் புகுந்து துரு தின்றுகொண்டிருக்கும். சொல்லப்போனால் மேலே அப்பிய பழைய கிரீஸ், துருவை மறைக்கும் திரையாகக்கூட ஆகிவிடும்.

அந்தக் கப்பல் மால்டா கொடியில் ஓடியது. விசாரித்தது மால்டாவின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு. கம்பி அறுந்தது, படகு கட்டிக்கிடக்கும்போது உச்சிக் கப்பியின் மேல் வளைந்திருக்கும் அதே இடத்தில். அரித்துப்போயிருந்தது.

இத்தகைய கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது தாங்கவேண்டிய அதிகபட்சச் சுமையைப்போல ஆறு மடங்கு வலு இருக்கவேண்டும் என்பது விதி. பயணிக் கப்பலின் ஒரு உயிர்காப்புப் படகில் 150 பேர் வரை ஏற்றலாம். எட்டுப் பேரை ஒரு நல்ல கம்பி உணர்ந்திருக்கக்கூட மாட்டாது. அன்றைக்கு டிரில் இல்லாமல், பின்னொரு நாள் உண்மையாகவே அபாய மணி அடித்து, படகு நிறையப் பயணிகளை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது விதியைப் பார்ப்போம். சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் மூன்றாம் அத்தியாயம், 20-ஆம் விதி. ஃபால் வயர்களை அவ்வப்போது சோதிக்கவேண்டும்; கப்பிகள் வழியாகப் போகும் பகுதிகளைத் தனிக் கவனத்தோடு சோதிக்கவேண்டும்; தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும், இல்லாவிட்டாலும் ஐந்தாண்டுக்குள் மாற்றவேண்டும். கவனியுங்கள், எந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று விரல் நீட்டியே சொல்லியிருக்கிறது.

இந்த விதி ஒரு கப்பலுக்குள் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதை என்னால் சொல்ல முடியும். அது செக்லிஸ்ட்டில் ஒரு வரியாகிறது: "ஃபால் வயர் – பார்த்தது, கிரீஸ் பூசியது – சரி." கூடவே ஒரு தேதி. தேய்ந்திருந்தால் மாற்று என்ற பகுதிக்கு யாராவது மேலே ஏறி, கிரீஸைத் துடைத்து, பார்த்து, முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்கவேண்டும். ஐந்தாண்டு என்ற பகுதிக்கு அதெல்லாம் வேண்டாம், காலண்டர் போதும். ஆய்வாளர் வந்தாலும் சான்றிதழைக் கேட்பார், தேதியைப் பார்ப்பார், தலையாட்டுவார். சில வருஷத்தில் விதியின் முதல் பாதி உதிர்ந்து தேதி மட்டும் மிஞ்சிவிடும்.

டிரிலும் அப்படித்தான். மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு மாலுமியும் ஒரு தீ டிரிலிலும் ஒரு போட் டிரிலிலும் கலந்துகொள்ளவேண்டும். பயணிக் கப்பலில் வாரம் ஒரு முறை டிரில் நடக்கவேண்டும். ஒவ்வொரு படகையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்) ஒரே மதியத்தில் நான்கு டிரில்களுக்கும் போட்டோ எடுத்தோம். தீயணைப்பு உடுப்பு மாட்டி ஒரு படம், கழற்றிவிட்டு லைஃப் ஜாக்கெட்டில் ஒரு படம், சாப்பாடு பரிமாறும் மெஸ்மேனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஒரு படம். மெஸ்மேன் அப்படியே தூங்கிவிட்டார். காலையில்தான் சரக்கு ஏற்றி முடித்திருந்தோம். முந்தைய இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் படங்களை நான்கு வெவ்வேறு தேதிகளில் பதிவில் ஒட்டியவன் நான்தான். சோம்பேறித்தனம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வேலை நேரப் பதிவு, ஓய்வு நேரப் பதிவு, டிரில் பதிவு மூன்றும் சட்டப்படி இருக்கவேண்டும்; இருந்த ஆட்களை வைத்து மூன்றும் உண்மையாக இருக்க வழியில்லை.

சரி, 'தாம்சன் மெஜஸ்டி'க்கு வருவோம். அங்கே போட்டோ டிரில் நடக்கவில்லை. உண்மையாகவே படகை இறக்கி, ஆள் ஏறி, முறையாகத்தான் செய்தார்கள். என்னை உறுத்துவது அதுதான். ஒழுங்காகச் செய்தவர்கள்தான் செத்தார்கள்.

இந்தக் கப்பலுக்கு ஒரு முன்கதை உண்டு, கடல்வழிப் படிப்பு படித்த எவரும் வகுப்பில் கேட்டிருப்பார்கள். ஆனால் அதுவும் இதுவும் ஒரே கப்பல் என்பது பலருக்குத் தெரியாது. 1992-இல் பின்லாந்தில் கட்டியபோது இதன் பெயர் 'ராயல் மெஜஸ்டி'. 1995 ஜூன் 9 நண்பகல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கப்பலில் 1,509 பேர். புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் இணைப்பு கழன்றுவிட்டது. கருவி ஒரு சின்னச் சத்தம் கொடுத்து, செயற்கைக்கோளை விட்டுவிட்டு வேகத்தையும் திசையையும் வைத்துத் தானே இடத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தது. திரையில் இரண்டு குட்டிக் குறியீடுகள் மட்டும் மாறின. தானியங்கிச் சுக்கான் அந்தக் கணக்கை நம்பி ஓட்டியது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளியதை அந்தக் கணக்கு அறியாது.

34 மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. முறை வைத்துக் கப்பலை ஓட்டும் வாட்ச் அதிகாரிகள் வேலை செய்யாமல் இல்லை. முறையாக இடத்தை எடுத்து வரைபடத்தில் குறித்தார்கள். எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேல் அழகாக விழுந்தன. விழாமல் என்ன செய்யும்? தவறான கணக்கை எடுத்து அதே தவறான கணக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே லோரான் என்ற இன்னொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, அதோடு ஒப்பிடவில்லை. ஒரு மிதவையைப் பார்க்கவேண்டிய நேரத்தில் இரண்டாம் அதிகாரிக்கு அது தெரியவில்லை. கேப்டன் கேட்டபோது பார்த்ததாகச் சொல்லிவிட்டார். காவல் நின்ற மாலுமிகள் இருக்கக்கூடாத இடத்தில் விளக்குகள் தெரிவதாகச் சொன்னார்கள். பிறகு முன்னால் தண்ணீர் நீலமும் வெள்ளையுமாகத் தெரிகிறது என்றார்கள். கடலில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆழம் போய்விட்டது. அதன் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. 10-ஆம் தேதி இரவு நான்டுக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. போகவேண்டிய பாதையிலிருந்து சுமார் 17 மைல் விலகியிருந்தது. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை.

18 ஆண்டு இடைவெளியில் ஒரே கப்பலில் இரண்டு கம்பிகள். ஒன்று உச்சியில் ஆன்டெனாவில் கழன்றது, இன்னொன்று டேவிட் உச்சியில் அறுந்தது. இதை ராசி என்று பேசுகிறவர்களும் உண்டு. போதாக்குறைக்கு 2010 மார்ச்சில், 'லூயிஸ் மெஜஸ்டி' என்ற பெயரில் ஓடியபோது, ஸ்பெயின் கரைக்கு அப்பால் ராட்சத அலைகள் அடித்து ஜன்னல்கள் உடைந்து இரண்டு பயணிகள் இறந்தார்கள். எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. உடைமையாளர்களும் மாலுமிகளும் இடையில் மாறிவிட்டார்கள். இரண்டு கம்பிகளுக்கும் பொதுவாக நான் பார்ப்பது வேறு. 1995-இல் புள்ளி வைப்பது நடந்தது. 2013-இல் சோதனைத் தேதிகளும் டிரிலும் நடந்தன. வேலை முறையாக நடந்துகொண்டிருந்த உணர்வே, மேலே ஏறிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தைத் தூங்கவைத்துவிட்டது.

ஃபால் வயர் மட்டும் குற்றவாளி இல்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2001-இல் உயிர்காப்புப் படகு விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தது. அந்தப் பிரிவின் பதிவில் இருந்தபடி பத்தாண்டில் 12 மாலுமிகள் இறந்திருந்தார்கள், 87 பேர் காயம்பட்டிருந்தார்கள். வணிகக் கப்பல்களில் அந்தக் காலத்தில் போன உயிர்களில் அது 16 சதவீதம். டிரிலிலும் சோதனையிலும் நடந்தவை அவை. அனுபவமுள்ளவர்கள் செய்தவை, அல்லது மேற்பார்வை பார்த்தவை.

அவற்றில் பெரிய பங்கு கொக்கிகளுக்கு. அந்தக் கொக்கியின் கதை ஒரு கசப்பான கதை. 1980 மார்ச் 27-இல் வட கடலில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கும் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். படகுகளை இறக்கியும், எடை தொங்கும் நிலையில் கொக்கியைக் கழற்ற முடியவில்லை என்பது அங்கே ஒரு சிக்கல். அதனால் எடை தொங்கும்போதே கழலக்கூடிய கொக்கி கட்டாயமானது. எடையோடு கழலும் கொக்கி, சரியாகப் பூட்டாவிட்டால் வேண்டாத நேரத்திலும் கழலும். அப்புறம் டிரில்களில் படகுகள் விழ ஆரம்பித்தன. பழைய மோசமான கொக்கிகளை மாற்றி முடிக்க உலகக் கப்பல்துறை 2019 வரை நேரம் எடுத்துக்கொண்டது. இடைக்காலத்தில் மாலுமிகள் கொக்கிக்குக் குறுக்கே ஒரு முளையையோ பட்டையையோ மாட்டிக்கொண்டார்கள். ஃபால் பிரிவென்டர் என்று பெயர். உபகரணத்தின் மேல் நம்பிக்கை இல்லாதபோது கட்டிக்கொள்ளும் தாயத்து மாதிரிதான், ஆனால் இந்தத் தாயத்து வேலை செய்யும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் டிரில் எதற்கு என்று கேட்கும் மாலுமிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு 'ஸ்கான்டினேவியன் ஸ்டார்' போதும். 1990 ஏப்ரல் 7 அதிகாலை, ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போகும் வழியில் அந்தப் பயணிக் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். அந்தத் தடத்தில் கப்பல் ஓட ஆரம்பித்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாலுமிகளில் பலர் கப்பலுக்குப் புதியவர்கள். தீ டிரில் நடந்திருக்கவில்லை. புகை நிறைந்த இருட்டு நடையில் எந்தக் கதவு எங்கே என்று கை தானாகத் தேடவேண்டும். அது பழகாமல் வராது.

ஆகவே டிரில் வேண்டும். யார் எப்போது படகுக்குள் இருக்கவேண்டும் என்பதுதான் கேள்வி. முன்பு விதி, இயக்கும் ஆட்கள் ஏறிய நிலையில் படகை இறக்கச் சொன்னது. 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றியது: படகு தண்ணீரில் ஓட்டப்படவேண்டும், ஆனால் இறங்கும்போது ஆள் உள்ளே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அதே ஆண்டு சர்வதேசக் கடல்சார் அமைப்பு வெளியிட்ட சுற்றறிக்கையும், ஆளை ஏற்றுமுன் வெறும் படகை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொன்னது. சாண்டா குரூஸ் விபத்து இதற்கெல்லாம் ஏழு ஆண்டுக்குப் பிறகு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறக்கி ஏற்றும் வேலை அரை நாளைத் தின்னும். வெறும் படகை இறக்கினால் ஆட்கள் கயிற்றேணியில் இறங்கிப் போகவேண்டும், திரும்ப ஏறவேண்டும். எல்லோரும் படகிலேயே உட்கார்ந்து மேலே வந்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று நனைந்த சட்டையோடு ஏணியில் தொங்கியவனுக்குத்தான் தெரியும்.

2020 ஜனவரி 1 முதல் படகுகளின் வருடாந்தரச் சோதனையும் ஐந்தாண்டுச் சோதனையும் சான்று பெற்ற நிபுணர்கள் கையில். நல்லதுதான். ஆனால் அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருவார்கள், துரு தினமும் வரும். புதுக் கப்பல் என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 2016 செப்டம்பர் 13-இல் மார்சேய் துறைமுகத்தில் 'ஹார்மனி ஆஃப் தி சீஸ்' கப்பலின் டிரிலில் ஐந்து மாலுமிகளோடு படகு விழுந்து ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயப்பட்டார்கள். அந்தக் கப்பல் சேவைக்கு வந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது.

என் அனுபவத்தில் கம்பியைப் பார்த்த ஆள் ஒருவர் உண்டு. தூத்துக்குடிக்கார போசன், அதாவது தளத்து மாலுமிகளின் தலைவர். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை விடாமல் சார் என்பார். இரண்டு நாளில் துறைமுகம், அங்கே ஆய்வு வரும் என்று பேச்சு. மூன்று மாத போட் டிரில் பாக்கி. கம்பிச் சான்றிதழைக் கோப்பில் தேடி எடுத்து, தேதி இருக்கிறது அண்ணாச்சி, ஒன்றும் பிரச்சினையில்லை என்றேன்.

"தேதி கெடக்கட்டும் சார். மேல வாங்க, வயரப் பாப்போம்."

வெறும் படகைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, பாதுகாப்புப் பெல்ட் மாட்டி டேவிட்டில் ஏறினார். கப்பிக்கு மேல் இருந்த துண்டு இப்போது வெளியே வந்திருந்தது. பழைய துணியை டீசலில் நனைத்து அந்த இரண்டடியைத் துடைத்தார். துணி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. அறுந்த இழை ஒன்று தூண்டில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு. கீழே இறங்கி வந்து, இதுல ஆள ஏத்தாதீங்க என்று சீஃப் ஆபீசரிடம் நேராகச் சொன்னார். சீஃப் ஆபீசர் முகம் சுளித்தார், ஆனால் கேப்டனிடம் போனார். டிரில் பாதியில் நின்றது. நின்றது என்றே லாக் புக்கில் எழுதினோம். ஏன் முடிக்கவில்லை என்று அலுவலகத்திலிருந்து இரண்டு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பதில் எழுதுவது தேர்ட் மேட் வேலை.

புதுக் கம்பி அடுத்த துறைமுகத்தில் வந்தது. பழையதைக் கழற்றியதும் அண்ணாச்சி அந்த இரண்டடியை வெட்டி எடுத்து, பணிமனையில் வைஸில் பிடித்து, மார்லின் ஸ்பைக் என்ற கூரான இரும்பு முளையால் புரிகளைப் பிரித்தார். உள்ளிருந்து சீயக்காய்ப் பொடி மாதிரி பழுப்பாகக் கொட்டியது. சான்றிதழில் இன்னும் பதினாறு மாதம் பாக்கி இருந்தது.